கறுப்பின மக்களின் வரலாற்று மீட்பும் நம் சேரிச் சபைகளின் நினைவும்

முன்னுரை

பெரியபாளையத்தை அடுத்த சிற்றூர்ச் சபையொன்றில் நான் ஆயராய் இருந்த காலத்தில் அச்சபையின் நூற்றாண்டு விழா வந்தது. விழாக் குழுவினர் நினைவு மலர் ஒன்று வெளியிட விரும்பிச் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். நானும் சபைக் குறிப்பேடுகளையும் பழைய மிஷன் அறிக்கைகளையும் புரட்டிப் பதினாறு பக்கங்களில் ஒரு வரலாறு எழுதினேன். எந்த ஆண்டில் எந்த மிஷனெரி வந்தார், அடிக்கல் நாட்டியவர் யார், ஆலயமணியை அன்பளித்தவர் யார், பிரதிஷ்டை செய்த பேராயர் யார் என்பன எல்லாம் ஒழுங்காக அதில் இடம்பெற்றன. விழா முடிந்த மறுவாரம், எண்பது வயதைக் கடந்த தாயார் ஒருவர் தம் பேத்தியைக் கொண்டு மலர் முழுவதையும் படிக்கக் கேட்டபின் ஆயர் இல்லத்திற்கு வந்தார். "ஐயரே, துரைங்க பேரு எல்லாம் இருக்குது. எங்க தாத்தா பேரு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

அவருடைய பாட்டனார் வேறு இருவரோடு திருவள்ளூர் வரை நடந்து சென்று, தங்கள் சேரிப் பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் வேண்டும் என்று மிஷனெரியிடம் கேட்டவராம். ஊருக்குத் திரும்பியபின், அவர் குடியிருந்த மனை தமக்குரியது என்று கூறி நிலக்கிழார் அவரைக் குடும்பத்தோடு வெளியேற்றினாராம். ஏரிக்கரையில் ஒரு மழைக்காலம் முழுவதும் தங்கியிருந்து, அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். நான் புரட்டிய அறிக்கைகளில் இவை எவையும் இல்லை. அந்த ஆண்டில் புதியதொரு கிராமத்தில் பணி தொடங்கியது என்ற அளவில் அவை நின்றுவிட்டன. நானும் அந்த அளவில் நின்றுவிட்டேன். ஊரில் உயிரோடிருந்த சாட்சியிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை தேடியபோது, அதே கேள்வியைக் கேட்டு அதற்கு விடையும் கண்ட மற்றொரு மக்களினத்தின் வரலாறு எனக்குப் பெரிதும் உதவிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களே அவர்கள். அவர்கள் தங்கள் வரலாற்றை மீட்ட முறையையும், நம் நாட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் அத்துறையில் செய்த முயற்சிகளையும், இவற்றால் ஆயர்களாகிய நமக்கு எழும் கடமையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வரலாற்றை மீட்ட ஒருவர்

கார்ட்டர் வூட்சன் 1875ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, காலந்தாழ்த்தியே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர், 1912ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறை முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுக்குச் சொல்லத்தக்க வரலாறு எதுவும் இல்லை என்பதே அன்றைய கல்விக்கூடங்களின் பொதுக்கருத்து. இக்கருத்தை மறுக்க வூட்சன் மேடையேறி முழங்கவில்லை. 1915ஆம் ஆண்டில் ஒரு வரலாற்றுக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். பத்திரங்கள், கடிதங்கள், சபைப் பதிவேடுகள், முதியோரின் வாய்மொழிகள் ஆகியவற்றைச் சேர்க்கும்படி தம் மக்களைத் தூண்டினார்.

1926ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நீக்ரோ வரலாற்று வாரம் என்ற ஒன்றை அவர் ஏற்படுத்தினார். ஆபிரகாம் லிங்கன், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து விடுதலைக்காக எழுதியும் பேசியும் உழைத்த பிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்த நாள்களை அம்மக்கள் அந்த வாரத்தில் ஏற்கெனவே கொண்டாடி வந்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1976ஆம் ஆண்டில், அவ்வாரம் கறுப்பின வரலாற்று மாதமாக விரிந்தது. பள்ளிகளோடு கறுப்பினத் திருச்சபைகளும் தொடக்கமுதல் இம்முயற்சிக்கு இடமளித்தன என்பது நாம் கருதத்தக்கது.

தன் முன்னோர் எதையும் செய்ததில்லை என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை, தானும் எதையும் செய்ய இயலாது என்று நம்பிவிடும் என்பதே வூட்சனின் அடிப்படைக் கருத்து. 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலொன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட கல்வி அவர்களுக்கே பகையாய் அமைந்தது எவ்வாறு என்பதை விரித்துரைத்தது. பழம்பெருமை பேசுவதற்காக அன்றி, பிள்ளைகளின் நாளைய வாழ்வுக்காகவே அவர் வரலாற்றை நாடினார்.

2. இரு நாடுகளின் அடிமைத்தளை

அமெரிக்க அடிமைகளின் துன்பத்தை அறிந்த அளவுக்குக்கூட நம் நாட்டில் அடிமைமுறை இருந்ததை நம் இறையியல் மாணவர்கள் அறிந்திருப்பதில்லை. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி முடிவுற்றது 1865ஆம் ஆண்டில். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னரே, 1843ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இல்லாத ஒன்றை ஒழிக்கச் சட்டம் எதற்கு? நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் ஒற்றிவைக்கப்பட்டும் வந்த பண்ணையாட்கள் தமிழ்நாட்டு நெல்வயல்களில் இருந்தனர். சட்டம் வந்தபின்னும் படியாள் முறை, கடன் என்ற பெயரால் அந்தத் தளை நெடுங்காலம் நீடித்தது.

இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்தில் நேராகவே சந்திக்கின்றன. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834ஆம் ஆண்டில் கறுப்பின அடிமைகளின் விடுதலை தொடங்கியதும், கரும்புத்தோட்ட முதலாளிகள் ஆள் தேடி நம் கடற்கரைக்கு வந்தனர். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பின்னர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்ற கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவ்வாறு சென்றவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். கறுப்பின அடிமை விட்டுச்சென்ற மண்வெட்டியைத் தமிழ்க் கூலி எடுத்தான் எனலாம்.

நம் நாட்டுச் சீர்திருத்தவாதிகள் இவ்வுறவை முன்னரே உணர்ந்திருந்தனர். மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களுக்காக ஐக்கிய நாடுகள் அவையில் அளிக்கப்பட்ட மனுவின் படியை அவர் கேட்டிருந்தார். 1959ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றுக்குச் சென்றபோது, அமெரிக்கத் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்த தாம், பிறகு அது மெய்யே என்று உணர்ந்ததாக அவரே பின்னர் ஒரு பிரசங்கத்தில் கூறினார். 1972ஆம் ஆண்டில் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியே தனக்குப் பெயரிட்டுக்கொண்டது.

எனினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் மறத்தல் ஆகாது. நிறம் கண்ணுக்குத் தெரிவது. சாதியைக் கேட்டே அறியவேண்டும். அமெரிக்காவில் ஒருவன் அறைக்குள் நுழைந்ததும் அவனுடைய நிறம் அவனைக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டில் அவனிடம் ஊரைக் கேட்பார்கள். பிறகு தெருவைக் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் செல்லும் நம் சபை இளைஞர், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வியை எதிர்பார்த்தே முதல்நாள் உணவு இடைவேளையில் அமர்கின்றனர். ஆகவே மறைத்து வாழும் சோதனை நம் இளைஞர்க்கு மிகுதி. மறைத்து வாழ்பவன் தன் வரலாற்றையும் மறைக்கவேண்டியவன் ஆகிறான்.

3. செங்கற்பட்டு மாவட்டத்து மனையும் நிலமும்

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டில் தனியே பிரிக்கப்பட்டது. அதற்கு முன் அது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் அம்மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1891ஆம் ஆண்டில் அதன் ஆட்சித்தலைவராய் இருந்த டிரெமென்ஹீர் என்பவர் அம்மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். மிராசுதார்கள் விளைநிலத்தோடு சேரியின் குடிமனைகளையும் தமக்குரியன என்று கொண்டிருந்த நிலையை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. குடியிருக்கும் இடமே பிறர்க்குரியதானால், கூலி போதாது என்று சொல்ல நாவெழுமா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் துணிவு வருமா? நம் தாயாரின் பாட்டனார் ஏரிக்கரைக்குப் போன கதை தனியொரு குடும்பத்தின் கதை அன்று என்பதை இங்கே காண்கிறோம்.

1892ஆம் ஆண்டில் அரசு பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கென ஒதுக்கப்படலாயின. குறிப்பிட்ட காலத்திற்குள் விற்கக்கூடாது, அதன் பின்னரும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனைகள் அந்நிலங்களுக்கு விதிக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்குவது இதுவே. திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் இந்நிலச் சிக்கலை எழுத்தாலும் விண்ணப்பத்தாலும் எடுத்துரைத்தவர்கள். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அவர்கள் எழுதியது சேரிமக்கள் அவர்களிடம் சொன்னதையே. சொன்னவர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

காலப்போக்கில் இந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. அதனை மீட்கக் கோரி 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். ஒருவர் கிறிஸ்தவப் பெயருடையவர். மற்றவர் இந்துப் பெயருடையவர். நிலமின்மை அவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

4. பெயரும் பேனாவும்

வூட்சன் தம் ஆய்விதழைத் தொடங்குவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னரே, தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்டோர் தம் கையில் பேனாவை எடுத்துவிட்டனர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு அக்டோபரில் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே இதழுக்குச் சூட்டினார். எப்பெயரைச் சொல்லி நம்மைத் தாழ்த்துகிறார்களோ அப்பெயரை நாமே துணிந்து ஏற்று நிமிர்ந்தாலன்றி உரிமை கிட்டாது என்பது அவர் கருத்து. 1960களில் கறுப்பு என்ற சொல்லை அமெரிக்க இளைஞர்கள் பெருமைக்குரிய பெயராக்கிக்கொண்டதை இதனோடு ஒப்பிடலாம். பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய சீனிவாசன், 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். 1930ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவரும் அவரே.

அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியைத் தெரிந்துகொண்டார். சித்த மருத்துவரும் தமிழ்ப்புலவருமாகிய அவர், பறையர் என்ற பெயரைப் பகைவர் இட்ட பெயர் என்று மறுத்தார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், இந்நாட்டின் பழங்குடிகள் என்று நிறுவ முற்பட்டார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது 'தமிழன்' ஆயிற்று. தம் பாட்டனார் கந்தப்பன் என்பவரே திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் என்று அவர் எழுதினார். திருக்குறள் முதன்முதலாக 1812ஆம் ஆண்டில் அச்சேறியது. தமிழின் தலையாய நூலைக் காத்து அளித்ததில் ஒரு சேரிக் குடும்பத்துக்கும் பங்குண்டு என்பதே அவர் சொல்ல விரும்பியது.

எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், 1922ஆம் ஆண்டில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது. 1970களுக்குப்பின் தலித் என்ற சொல் பரவிற்று. ஒரு மக்களுக்கு இத்தனை பெயர்களா என்று சிலர் நகைப்பர். அமெரிக்காவிலும் நிறத்தோர், நீக்ரோ, கறுப்பர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று பெயர்கள் மாறின. பிறர் இட்ட பெயரில் வாழ்ந்த மக்கள் தமக்குத் தாமே பெயரிட முற்படும்போது இத்தகைய விவாதம் எழுவது இயல்பு. மால்கம் எக்ஸ் என்பவர், அடிமை எசமானன் இட்ட குடும்பப் பெயரை நீக்கிவிட்டு, தமக்குத் தெரியாமற்போன மூதாதையர் பெயரின் அடையாளமாகவே எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொண்டார்.

இவ்வரலாற்றில் பெண்களும் உண்டு. இரங்கூனில் பிறந்த மீனாம்பாள் சிவராஜ் சென்னையில் ஒடுக்கப்பட்ட பெண்களைத் திரட்டிய தலைவர். 1944ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் அவர் முன்னின்றார். நம் மகளிர் ஐக்கியக் கூட்டங்களில் வெளிநாட்டு மிஷனெரி அம்மையார்களின் வாழ்க்கையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். மீனாம்பாளின் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?

5. அழைத்தவர் யார்?

மிஷன் வரலாறுகளில் மிஷனெரியே எழுவாய், மக்கள் செயப்படுபொருள். மிஷனெரி வந்தார், கண்டார், போதித்தார், சேர்த்தார், மக்கள் சேர்க்கப்பட்டனர். இவ்விலக்கணம் உண்மை வரலாற்றோடு பொருந்தாது. குமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்பவர் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர் சோழநாட்டுப் பயணத்தின்போது தஞ்சையில் நற்செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தம் உறவினர்க்குத் தாமே போதித்தார். தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று இடைவிடாது வேண்டினார். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டில் திருவிதாங்கூருக்குள் வந்தது அந்த அழைப்பின் பேரிலேதான். போதகர் வருமுன்னரே அங்குச் சபை இருந்தது.

ஜான் வெப்ஸ்டர் என்னும் வரலாற்றாசிரியர் இந்திய தலித் கிறிஸ்தவர்களைப் பற்றி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் எழுந்த மாபெரும் மனமாற்ற இயக்கங்களைத் தொடங்கியவர்கள் தலித் மக்களே என்று காட்டினார். மிஷனெரிகள் பலர் அவ்வியக்கங்களைக் கண்டு முதலில் திகைத்தனர், தயங்கியவர்களும் உண்டு. பள்ளி வேண்டும், மனை வேண்டும், மனிதராய் நடத்தப்படவேண்டும் என்று கேட்டு வந்த மக்களின் நோக்கம் ஆவிக்குரியது அன்று என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரிடம் இத்தகைய தேர்வை ஆண்டவர் வைத்தாரா? அவர்கள் பெருமூச்சைக் கேட்டு அவர் இறங்கினார் என்றே யாத்திராகமம் கூறுகிறது.

6. பறையும் அடிமைப் பாடல்களும்

வரலாறு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. இசையிலும் உடலிலும் இருப்பது. இங்கே ஒரு நெருடலான கேள்வி எழுகிறது. ஆடித் திங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோவிலுக்குச் சென்னையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் மக்கள் திரள்திரளாக வருவர். வேப்பிலையாடை உடுத்தியோரும் பொங்கற்பானை சுமந்தோரும் பம்பையும் பறையும் முழங்கச் செல்வர். அவ்வேளையில் நம் ஆலயத்தில் ஆராதனை நடக்கும். சன்னலைச் சாத்தும்படி நான் பலமுறை கோயிற்பணியாளரிடம் சைகை காட்டியிருக்கிறேன். ஒரு நாள் சன்னலைச் சாத்தப்போன முதியவரின் விரல்கள் சன்னற்கதவின்மேல் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவருடைய தந்தை பறையடித்தவர் என்று பின்னர் அறிந்தேன்.

பறைக்கு இரு முகங்கள் உண்டு. இழவு வீட்டிலும் திருவிழாவிலும் கூப்பிட்டபோதெல்லாம் அடித்தேயாக வேண்டும் என்ற கட்டாயத்தால் அது அடிமைத்தளையின் சின்னம். கிறிஸ்தவரான முன்னோர் பலர் அதைக் கீழே வைத்தனர். அது ஒரு விடுதலைச் செயலே. ஆனால் பறையே அவர்களின் கலை, அறிவு, கூட்டுணர்வு ஆகியவற்றின் கருவூலமும் ஆகும். கட்டாயத்தைக் கைவிட்டபோது கலையும் உடன் போயிற்று.

இதே தடுமாற்றம் அமெரிக்காவிலும் இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கென 1866ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட பிஸ்க் கல்விக்கூடம் சில ஆண்டுகளில் கடனில் மூழ்கியது. 1871ஆம் ஆண்டில் மாணவர் சிலர் பாடற்குழுவாகப் புறப்பட்டுப் பொருள் திரட்டச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாய் இருந்தவர்கள். பெற்றோர் இரவில் மறைவாகப் பாடிய அடிமைப் பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் கூசினர். இருண்ட காலத்தை நினைவூட்டும் பாடல்களைப் படித்தவர்கள் பாடலாமா என்று தயங்கினர். ஆயினும் அப்பாடல்களே கேட்டோர் நெஞ்சை உருக்கின. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டை எண்ணி யூபிலிப் பாடகர் என்று பெயர் பெற்ற அக்குழுவினர் அமெரிக்க நகரங்களிலும் இங்கிலாந்திலும் பாடி ஈட்டிய பொருளால் கல்விக்கூடம் பிழைத்தது. யூபிலி மண்டபம் எழுந்தது. வெட்கம் என்று மறைத்தது மூலைக்கல்லாயிற்று.

நம்மிடையிலும் இவ்வழியில் நடந்தோர் உண்டு. மதுரை இறையியற் கல்லூரியில் பணியாற்றி 2005ஆம் ஆண்டில் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்ற பெயரில் நாட்டுப்புற இசையையும் சேரி மக்களின் பேச்சுமொழியையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். செங்கற்பட்டுப் பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றிய சத்தியநாதன் கிளார்க், பறையைக் கிறிஸ்துவை உணர்த்தும் குறியீடாகக் கொண்டு 1998ஆம் ஆண்டில் இறையியல் நூல் ஒன்றை வெளியிட்டார். பறையை ஆலயத்தில் முழக்கவேண்டும் என்று நான் எந்தச் சபையையும் வற்புறுத்தேன். அதை அடித்தவரின் பேரன் கூசினால் அக்கூச்சத்தையும் மதிக்கவேண்டும். ஆனால் கூச்சத்தின் காரணத்தைப் பேச ஆலயத்தில் இடம் இருக்கவேண்டும்.

7. இறையியல் நோக்கு

ஜேம்ஸ் கோன் 1969ஆம் ஆண்டில் கறுப்பின இறையியலைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் கடவுளை விட்டுவிட்டுப் பேசப்படும் இறையியல் கிறிஸ்தவ இறையியல் ஆகாது என்பது அவர் துணிபு. 1981ஆம் ஆண்டில் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் நிகழ்த்திய உரையிலிருந்து தலித் இறையியலின் தொடக்கத்தைக் கணக்கிடுவது வழக்கம். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் உள்ள விசுவாச அறிக்கையை நிர்மல் தம் சிந்தனைக்கு அடிப்படையாக்கினார். முதற்பலனைக் கொண்டுவரும் இஸ்ரவேலன், தன் தகப்பன் நாடோடியாயும் அழிவை நெருங்கியவனாயும் இருந்ததை ஆசாரியன் முன் சொல்லவேண்டும். எகிப்தில் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். அதன்பின்னரே கூடையை வைக்கவேண்டும். முன்னோரின் தாழ்வைச் சொல்வது வெட்கமாகாமல் வழிபாட்டின் முதற்சொல்லாகிறது. விடுவித்தவரை அறிக்கையிட வேண்டுமாயின், எதிலிருந்து விடுவித்தார் என்பதைச் சொல்லாமல் இயலாது.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தையும் கருதுக. எபிரெயப் பிள்ளைகளைக் காத்த இரு மருத்துவச்சிகளுக்குப் பெயர் உண்டு: சிப்பிராள், பூவாள். எகிப்தை ஆண்ட பேரரசனுக்கோ அங்குப் பெயர் இல்லை. எந்தப் பார்வோன் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வேதாகமம் எழுதும் வரலாறு இது. நான் எழுதிய நூற்றாண்டு மலரோ இதற்கு நேர்மாறானது. அதில் துரைமார்க்குப் பெயர் இருந்தது, மருத்துவச்சிக்கு இல்லை.

8. இரு பெயரோடு வாழும் இளைஞர்

இவை யாவும் பழங்கதை என்று எண்ணுவோர், நம் திடப்படுத்தல் வகுப்பின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கட்டும். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956ஆம் ஆண்டில் சீக்கியரும் 1990ஆம் ஆண்டில் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதன் விளைவாக நம் பிள்ளைகளுள் பலர்க்கு ஆலயத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் கல்விச் சலுகை போகும். சான்றிதழ்ப் பெயரைச் சொன்னால் சபையில் முகம் சுளிப்பர். இந்நிலையைப் பொய் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பது எளிது. இதை உண்டாக்கிய வரலாற்றைச் சொல்லாமல் கண்டிப்பவன், தலைமுறை தலைமுறையாகப் பெயரைப் பறிகொடுத்தவனிடமே திருட்டுக் குற்றம் சுமத்துகிறான்.

9. செய்யத்தக்கவை

முதலாவது, நம் கைவசமுள்ள பதிவேடுகளைக் காப்போமாக. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் முனியன், சின்னத்தம்பி போன்ற பழைய பெயரும், அதன் எதிரே புதுப்பெயரும், தந்தையின் பெயரும், ஊரும், தொழில் என்ற பத்தியில் கூலி என்ற சொல்லும் காணப்படும். சேரிக் குடும்பம் ஒன்றிற்கு அதன் மூதாதையரின் எழுத்துச் சான்று இதைத் தவிர வேறெங்கும் இல்லாமற்போகலாம். அதைக் கரையான் தின்ன விடுவது ஒரு கல்லறைத்தோட்டத்தை உழுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, முதியோரைக் கேட்போமாக. இறையியல் மாணவர் வார இறுதிப் பணிக்குச் செல்லும் சபைகளில் மூத்தோர் ஒருவரிடமேனும் அமர்ந்து, முதன்முதல் இவ்வூரில் பள்ளி கேட்டவர் யார், அதற்காக என்ன பாடுபட்டார் என்று வினவி எழுதலாம். கேட்டதைக் கேட்டபடி, அவர்கள் சொல்லிலேயே எழுதவேண்டும். நினைவு பிழைபடுவதும் உண்டாதலால் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதும் தேவை.

மூன்றாவது, நவம்பர்த் திங்களின் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறாகப் பல சபைகளில் கைக்கொள்ளப்படுகிறது. அன்று பொதுவான ஓர் ஒழுங்கைப் படித்து முடித்துவிடாமல், அந்தந்தச் சபையின் முதல் குடும்பங்களின் பெயர்களை வாசிக்கலாம். இது ஒடுக்கப்பட்டோர் சபைகளுக்கு மட்டும் உரியதன்று. பிற சாதியினர் மிகுந்த சபைகள், தனி இருக்கையும் தனிக் கல்லறையும் வைத்திருந்த தம் பழைய நாள்களை அன்று வாய்திறந்து சொல்லட்டும். மனந்திரும்புதலுக்கும் நினைவு வேண்டும்.

முடிவுரை

வூட்சன் தம் மக்களுக்குப் புதிதாக ஒரு வரலாற்றைப் படைத்துக் கொடுக்கவில்லை. இருந்ததைக் கேட்டார், சேர்த்தார், எழுதினார். அந்தத் தாயாரிடம் நானும் பிறகு பலநாள் சென்று கேட்டேன். அவர் சொன்ன மூன்று பெயர்களுள் இரண்டைப் பழைய பதிவேட்டில் கண்டெடுத்தேன். மூன்றாமவர் ஞானஸ்நானம் பெறுமுன்னே இறந்துவிட்டதால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நூற்றாண்டு மலரின் மீதமிருந்த படிகளில் ஒரு தாளை அச்சிட்டு ஒட்டினோம். அத்தாளில் மூன்று பெயர்களும் உள்ளன.

அடுத்த ஞாயிறு அத்தாள் ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. மூன்றாம் பெயர் வாசிக்கப்பட்டபோது பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞன் ஒருவன் தலை நிமிர்ந்தான். அவன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். ஊர்ப்பெயரைக் கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிப் பழகியவன். ஆராதனைக்குப்பின் என்னிடம் வந்து, அது தன் கொள்ளுப்பாட்டனாரின் பெயர் என்றும், அதை வெளியில் ஒருவர் சொல்லித் தான் கேட்பது இதுவே முதல்முறை என்றும் கூறினான். உடன் ஊழியர்களே, நம் ஒவ்வொருவர் சபையிலும் இத்தகைய பெயர்கள் காத்திருக்கின்றன. அவற்றை அறிந்தோர் முதியோர். அவர்கள் நாள்களோ சில.